ஊருக்கு ஒரு சைக்கிள் பட்டறை

ஓர் ஊரை நினைத்துப் பாருங்கள். அது எந்த ஊராகவும் இருக்கலாம். அங்கே உயர்நிலைப் பள்ளி இல்லை. பள்ளி 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

அந்த ஊரில் ஒரு சிறுமி. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். சைக்கிளில் பள்ளிக்குப் போகிறாள்.

ஒரு நாள் சைக்கிள் பஞ்சர் ஆனது. ஊரில் பஞ்சர் ஒட்டும் கடை இல்லை. கடைவீதி வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். அம்மாவுக்கு வயல் வேலை. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. மூன்று நாள் சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. மூன்று நாள் சிறுமி பள்ளிக்குப் போகவில்லை.

"இனி வீட்டிலேயே இருக்கட்டும். படித்தது போதும்" என்றார் பாட்டி.

அம்மாவுக்கு மனம் பொறுக்கவில்லை. டியூபில் ஊசி முனை அளவு ஓட்டை. அதற்காகப் படிப்பு நிற்பதா?

சைக்கிள் தந்த பலன்

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் அறிவொளி இயக்கம் நடந்தது. பெண்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள். கூடவே சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். பிறகு சந்தைக்கும் வேலைக்கும் யார் துணையும் இல்லாமல் போனார்கள்.

பீகார் அரசு 2006-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த சிறுமிகளுக்கு சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் கொடுத்தது. அதன்பின் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த சிறுமிகள் அதிகமானார்கள். பள்ளி தூரமாக இருந்த ஊர்களில் பலன் கூடுதல் என்று ஆய்வு செய்தவர்கள் கண்டார்கள்.

சைக்கிள் இருந்தால் மட்டும் போதாது. அது ஓட வேண்டும். பழுதானால் சரி செய்ய ஆள் வேண்டும்.

மாலை வகுப்பில் பேச்சு

அம்மா மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். அன்று வகுப்பில் இதைச் சொன்னார்.

அங்கே ஒரு தாத்தா இருந்தார். பல வருடம் சைக்கிள் கடையில் வேலை பார்த்தவர். அவர் சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆலமரத்தடியில் உட்காருகிறேன். கூலி வேண்டாம். பிள்ளைகளுக்கும் தொழில் சொல்லித் தருகிறேன். ஆனால் சாமான் வேண்டுமே!"

"அதற்குப் பணம்?" என்று கேட்டார் வகுப்பு நடத்தும் அக்கா.

பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. "போன வருடம் திருவிழாவுக்கு வசூல் செய்தார்கள். இன்னும் கணக்கு வரவில்லை. இனி நான் ஒரு பைசா தரமாட்டேன்" என்றார் ஒரு பெரியவர்.

எல்லாரும் பேசாமல் இருந்தார்கள். அவர் சொன்னது உண்மைதான்.

"பணக்காரர் ஒருவரைக் கேட்போம். முழுவதும் தந்துவிடுவார்" என்றான் ஓர் இளைஞன்.

"வேண்டாம் தம்பி" என்றார் தாத்தா. "ஒருவர் பணத்தில் தொடங்கினால் அது அவருடைய பட்டறை. பத்து இருபது என்று எல்லாரும் போட்டால்தான் அது ஊர்ப் பட்டறை."

முதலில் பட்டியல்

கையை நீட்டுவதற்கு முன் என்ன தேவை என்று எழுத வேண்டும். கடைகளில் விலை கேட்டார்கள். அம்மா கரும்பலகையில் எழுதினார்.

ஸ்பேனர், திருப்புளி, குறடு — 1,200 ரூபாய்
காற்றடிக்கும் பம்பு — 700 ரூபாய்
பஞ்சர் ஒட்டும் சாமான் — 400 ரூபாய்
எண்ணெய், கிரீஸ் — 300 ரூபாய்
பால்ஸ், ஸ்போக், பிரேக் கட்டை, வால்ட்யூப் — 900 ரூபாய்
மொத்தம் — 3,500 ரூபாய்

தாத்தா தன் பழைய கருவிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அதில் ஸ்பேனர், திருப்புளி, குறடு எல்லாம் இருந்தன. 1,200 ரூபாய் குறைந்தது. மீதித் தேவை 2,300 ரூபாய்.

பொருளாகக் கிடைப்பதை முதலில் கேட்க வேண்டும். பிறகுதான் பணம் கேட்க வேண்டும்.

வசூல் நடந்தது

வரிசை எண் போட்ட ரசீதுப் புத்தகம் வாங்கினார்கள். அதற்கான செலவை அக்கா ஏற்றுக்கொண்டார். வசூலுக்குத் தனியாக யாரும் போகவில்லை. இருவர் இருவராகப் போனார்கள். 46 வீடுகள் தலைக்கு 20 ரூபாய் கொடுத்தன. மொத்தம் 920 ரூபாய். பழைய இரும்பு, காகிதம் விற்றதில் 640 ரூபாய் வந்தது.

அன்று இரவு ரசீதையும் பணத்தையும் ஒத்துப் பார்த்தார்கள். பணத்தில் 20 ரூபாய் குறைந்தது.

"நான் போட்டுவிடுகிறேன்" என்றான் இளைஞன்.

"கூடாது" என்றார் அம்மா. "எங்கே தவறு என்று பார்ப்போம்."

ஒவ்வொரு அடிக்கட்டையாகப் பார்த்தார்கள். ஒரு வீட்டில் "நாளைக்குத் தருகிறேன்" என்று சொல்லியிருந்தார்கள். அதற்கும் ரசீது எழுதிவிட்டார்கள். அந்த ரசீதைத் திரும்ப வாங்கி ரத்து செய்தார்கள். கணக்கு சரியானது. பணம் கைக்கு வந்த பிறகே ரசீது எழுத வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

கையில் 1,560 ரூபாய் இருந்தது. பம்பு, பஞ்சர் சாமான், எண்ணெய், கிரீஸ் வாங்க 1,400 ரூபாய் செலவானது. மீதி 160 ரூபாய்.

பிறகு சந்தை நாளில் ஒரு முகாம் நடத்தினார்கள். 41 சைக்கிள்களைத் துடைத்து, எண்ணெய் விட்டு, காற்று அடித்துக் கொடுத்தார்கள். ஒரு சைக்கிளுக்கு 20 ரூபாய். 820 ரூபாய் சேர்ந்தது. கையில் 980 ரூபாய். உதிரி பாகங்கள் 900 ரூபாய்க்கு வாங்கினார்கள். மீதி 80 ரூபாய்.

கணக்கு படித்த நாள்

ஞாயிற்றுக்கிழமை ஆலமரத்தடியில் ஊர் கூடியது. கரும்பலகையில் வரவும் செலவும் எழுதியிருந்தன. அம்மா ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடை ரசீதுகளை எல்லாரும் வாங்கிப் பார்த்தார்கள்.

திருவிழாக் கணக்கு கேட்ட பெரியவரும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். சிறிது நேரத்தில் துருப்பிடித்த ஒரு சைக்கிளோடு திரும்பி வந்தார். "இதில் நல்ல பாகம் இருந்தால் கழற்றிக்கொள்ளுங்கள்" என்றார். அதற்கும் ரசீது எழுதிக் கொடுத்தார்கள்.

அன்று முதல் வேலை சிறுமியின் சைக்கிள். தாத்தா சொல்லச் சொல்ல சிறுமியே பஞ்சர் ஒட்டினாள்.

பட்டறை நிலைக்க

வேலைக்குக் கூலி இல்லை. ஆனால் பாகத்துக்கு வாங்கிய விலையைத் தர வேண்டும். இல்லாவிட்டால் சாமான் தீர்ந்துவிடும். பணம் தர முடியாதவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உதவலாம். ஓவராயில் போன்ற பெரிய வேலைகளைக் கடைவீதிக் கடைக்கே அனுப்ப வேண்டும். கடைக்காரர் பிழைப்பு கெடக் கூடாது.

பணம் பெருகினால் வங்கியில் கணக்குத் தொடங்க வேண்டும். பணம் எடுக்க இருவர் கையெழுத்து வேண்டும் என்று எழுதிக் கொடுக்கலாம். சங்கமாகவும் பதிவு செய்யலாம். அதற்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும்.

ஊர்ப் பணத்துக்கு ஊர் முன்னால் கணக்குச் சொன்னால், அடுத்த முறை கேட்கும்போது கதவு திறக்கும்.

பேசிப் பார்ப்போம்

1. பெரியவர் முதலில் பணம் தர மறுத்தது ஏன்?
2. இளைஞன் 20 ரூபாய் போட்டிருந்தால் என்ன தவறு நேர்ந்திருக்கும்?
3. உங்கள் ஊரில் யார் யாரிடம் என்னென்ன கருவிகள் இருக்கின்றன? பட்டியல் எழுதுங்கள்.

கணக்குப் போடுவோம்

35 வீடுகள் தலைக்கு 30 ரூபாய் கொடுத்தன. அதில் 700 ரூபாய்க்குப் பம்பு வாங்கினார்கள். மீதி எவ்வளவு?