ஓய்வூதியப் பணத்துக்குப் பற்றுகை ஆணை வந்தால்

கடன் வழக்கில் தீர்ப்பு வந்த பின்னரும் தொகை செலுத்தப்படாவிட்டால், வழக்கில் வென்றவர் நிறைவேற்று மனு தாக்கல் செய்து, கடனாளியின் வங்கிக் கணக்கில் உள்ள பணத்தைப் பற்றுகை செய்யக் கோரலாம். பேச்சு வழக்கில் இதனை ஜப்தி என்கிறோம். நீதிமன்ற ஆணை கிளைக்கு வந்து சேர்ந்ததும், ஆணையில் குறிப்பிடப்பட்ட தொகை நிறுத்தி வைக்கப்படும். ஓய்வூதியத்தை மட்டுமே நம்பி வாழும் மூத்த வாடிக்கையாளருக்கு அந்த மாதத்து மருந்தும் மளிகையும் கேள்விக்குறியாகிவிடும்.

"பென்ஷன் பணத்தை ஜப்தி செய்யக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே, நீங்கள் ஏன் நிறுத்தினீர்கள்?" என்று அவர் கேட்பது நியாயமே. சட்டத்தில் விலக்கு இருப்பது உண்மை. ஆனால் அந்த விலக்கு தானாகச் செயல்படுவதில்லை. கணக்குக்கு உரியவர்தான் அதனை நீதிமன்றத்தில் கோரிப் பெற வேண்டும்.

வங்கி ஏன் மறுக்க இயலாது?

நீங்கள் செலுத்திய வைப்புத்தொகை, சட்டத்தின் பார்வையில், வங்கி உங்களுக்குத் தர வேண்டிய கடனாகும். எனவே 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 21, விதி 46இன்கீழ் அதனை உங்களுக்கு வழங்கக் கூடாது என்று நீதிமன்றம் வங்கிக்குத் தடை விதிக்கலாம். விதி 46ஏ-இன்கீழ் அறிவிப்பு வந்தால், வங்கி அத்தொகையை நீதிமன்றத்தில் செலுத்த வேண்டும். அல்லது முன்னிலையாகிக் காரணம் காட்ட வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால், வங்கியின் மீதே தீர்ப்பாணை வழங்கப்பட்டதுபோல நடவடிக்கை எடுக்கலாம் என்கிறது விதி 46பி.

மேலும், இம்முறையில் வங்கி நீதிமன்றத்தில் செலுத்திய தொகை, உங்களுக்கே செலுத்தியதற்குச் சமமாகும். பின்னர் அதனை வங்கியிடம் கேட்க இயலாது. ஆகவே, தொகை நீதிமன்றத்துக்குச் செல்லும் முன் உங்கள் கோரிக்கை அங்கே சென்று சேர வேண்டும்.

எந்தப் பணத்துக்கு விலக்கு உண்டு?

இச்சட்டத்தின் 60ஆவது பிரிவு பற்றுகை செய்யக் கூடாதவற்றைப் பட்டியலிடுகிறது. வங்கிக் கணக்குடன் தொடர்புடையவற்றுள் முக்கியமானவை:

1. அரசு, உள்ளாட்சி அமைப்பு அல்லது வேறு எந்த வேலையளிப்பவரிடமிருந்தும் பெறும் ஓய்வூதியமும் பணிக்கொடையும். அரசு ஓய்வூதியத்துக்கு 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம், பிரிவு 11 தனிப் பாதுகாப்பும் தருகிறது.

2. தொழிலாளர்கள், வீட்டுப் பணியாளர்கள் ஆகியோரின் கூலி.

3. சட்டப் பாதுகாப்புப் பெற்ற வருங்கால வைப்பு நிதிகள். பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் உள்ள தொகை, கணக்குதாரரின் கடன்களுக்காக நீதிமன்றப் பற்றுகைக்கு உட்படாது என 2019ஆம் ஆண்டுத் திட்ட விதிகள் கூறுகின்றன.

4. கடனாளியின் ஆயுள் காப்பீட்டுப் பாலிசியின்கீழ்க் கிடைக்க வேண்டிய தொகை.

5. சம்பளத்தின் ஒரு பகுதி.

சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கும் விலக்குப் பெற்றவை. மாதச் சம்பளம் 40,000 ரூபாய் எனக் கொள்வோம். முதல் 1,000 ரூபாய் நீங்கலாக எஞ்சுவது 39,000. அதில் மூன்றில் இரண்டு பங்கான 26,000 ரூபாயையும் தொட இயலாது. ஆக 27,000 ரூபாய் பாதுகாக்கப்படுகிறது. 13,000 ரூபாய் மட்டுமே பற்றுகைக்கு உரியது. ஒரே தீர்ப்பாணைக்காகச் சம்பளப் பற்றுகை மொத்தம் 24 மாதங்கள் நடந்துவிட்டால், அதன்பின் அத்தீர்ப்பாணைக்காகச் சம்பளத்தைப் பற்றுகை செய்ய இயலாது. ஆனால் வாழ்க்கைப் பொருளுதவித் தீர்ப்பாணையாக இருந்தால், விலக்கு சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே.

இந்த விலக்குகளை விட்டுக்கொடுப்பதாக முன்கூட்டியே எழுதித் தந்த ஒப்பந்தம் செல்லாது என்று பிரிவு 60(1ஏ) கூறுகிறது. கடன் பத்திரத்திலோ பிணைப் பத்திரத்திலோ அவ்வாறு கையொப்பமிட்டிருந்தாலும் உரிமை போய்விடாது.

நிலை வைப்பாக மாற்றிய பின்?

ஓய்வூதியமும் பணிக்கொடையும் கைக்கு வந்து நிலை வைப்பாகவும் மாறிவிட்டால், அது சாதாரணப் பணம் ஆகிவிடாதா? 2008இல் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை கூறியது. வாகனக் கடனுக்குப் பிணை நின்ற ஒருவர் ஓய்வுக்காலப் பலன்களை நிலை வைப்பில் இட்டிருந்தார். அவ்வாறு இட்டதால் ஓய்வூதியமும் பணிக்கொடையும் தம் தன்மையை இழப்பதில்லை, 60ஆவது பிரிவின் பாதுகாப்பு தொடர்கிறது என நீதிமன்றம் முடிவு செய்தது. அவ்வழக்கில் தீர்ப்பாணை பெற்றிருந்ததும் ஒரு வங்கிதான் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆனால் அந்த வைப்பு ஓய்வூதியத்திலிருந்தோ பணிக்கொடையிலிருந்தோ வந்தது என்பதைக் காட்டினால்தான் இத்தீர்ப்பு துணை நிற்கும்.

கோரும் முறை

முதலில், கிளையில் ஆணையின் நகலைக் கேளுங்கள்; குறைந்தது நீதிமன்றத்தின் பெயர், நிறைவேற்று மனுவின் எண், அடுத்த விசாரணை நாள், நிறுத்தப்பட்ட தொகை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சான்றுகளைத் திரட்டுங்கள். ஓய்வூதியக் கொடுப்பாணை, பணிக்கொடை வழங்கிய ஆணை, நிலை வைப்பு ரசீது ஆகியவற்றுடன் கணக்கு விவரப் பட்டியலும் தேவை. ஓய்வூதியம் வரவு வைக்கப்பட்ட ஒவ்வொரு பதிவையும் அதில் குறியிடுங்கள். பணம் நிலை வைப்புக்குச் சென்ற நாளும் தொகையும் தெளிவாகத் தெரிய வேண்டும்.

பின்னர், ஆணை பிறப்பித்த நீதிமன்றத்திலேயே வழக்கறிஞர் வழியாக, 47, 60 ஆகிய பிரிவுகளின்கீழ், பற்றுகையை நீக்கக் கோரி மனுவும் பிரமாணப் பத்திரமும் தாக்கல் செய்ய வேண்டும். விசாரணை முடியும் வரை பணத்தைத் தீர்ப்பாணை பெற்றவருக்கு வழங்காதிருக்கவும் அதிலேயே கேட்கலாம். கணக்கில் உள்ள பணம் கடனாளியுடையதன்று, தம்முடையது என்று கூறும் கூட்டுக் கணக்குதாரர் போன்ற மூன்றாம் நபர், கட்டளை 21, விதி 58இன்கீழ்க் கோர வேண்டும். வேண்டுமென்றே அல்லது தேவையின்றித் தாமதித்த கோரிக்கையை நீதிமன்றம் ஏற்காமல் விடலாம் என அவ்விதி எச்சரிக்கிறது.

மனுவின் நகலைக் கிளையிலும் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். கணக்கில் ஓய்வூதியம் வரவாகிறது என்பதை நீதிமன்றத்துக்கு அனுப்பும் பதிலில் குறிப்பிடுமாறு கேட்கலாம். விலக்கு உண்டா என்று முடிவு செய்யும் அதிகாரம் வங்கிக்கு இல்லை. ஆனால் உண்மை விவரத்தைத் தெரிவிக்க இயலும்.

வழக்கறிஞர் கட்டணம் இயலாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வரையறுத்த வருமானத்துக்குட்பட்டோர் முதலியோருக்கு இலவச உதவி உண்டு. உதவி எண் 15100.

முன்கூட்டியே செய்ய வேண்டியது

ஓய்வூதியம் வரும் கணக்கில் வாடகை, வியாபார வரவு, பிள்ளைகள் அனுப்பும் பணம் ஆகியவற்றைக் கலக்காதீர்கள். கலந்த பணத்தில் எது ஓய்வூதியம் என்று பிரித்துக் காட்டும் சுமை உங்கள்மீதே விழும். பணிக்கொடையை வைப்பில் இடும்போது அதற்கெனத் தனி வைப்பு தொடங்கி, ஆவணங்களை ஒரே கோப்பில் வைத்திருங்கள். பிறர் கடனுக்குப் பிணை நின்றவர்களுக்கு இது மிகவும் அவசியம்.

இறுதியாக ஒன்று. இங்கே கூறியவை உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு உரியவை. வருமான வரி, ஜிஎஸ்டி அறிவிப்புகளும் காவல்துறையின் முடக்கமும் வேறு சட்டங்களின்கீழ் வருபவை. அவற்றுக்கான வழிகளும் வேறு. எனவே கணக்கு நிறுத்தப்பட்டதாக அறிந்தவுடன் கிளையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "யார், எந்தச் சட்டப் பிரிவின்கீழ் ஆணையிட்டார்கள்?" என்பதே. அதற்கான விடையை எழுத்தில் பெற்று, அன்றே வழக்கறிஞரிடம் செல்லுங்கள்.