எழுதலாம், கூவக்கூடாது

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில் ஒரு இளம் வக்கீல் பலகை மாட்டுகிறார் என்று வையுங்கள். மறுநாளே யாராவது சொல்வார்கள்: "இணையத்துல எழுதுப்பா, கேஸ் தானா வரும்."

நம்பிக்கை: விளம்பரம் செய்யாத வக்கீலுக்குப் பிழைப்பில்லை.

உண்மை: இது அமெரிக்க யோசனை. அங்கே 1977-இல் பேட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வக்கீல் விளம்பரத்துக்கு வழி திறந்தது. இங்கே இந்திய பார் கவுன்சிலின் 36-ஆம் விதி அதைத் தடுக்கிறது. தரகர் வைத்துக் கட்சிக்காரர் பிடிப்பதும் அதே விதியில்தான் அடங்கும். இணையதளங்கள் வழியே வழக்குப் பிடிப்பவர்கள்மீது ஒழுங்கு நடவடிக்கை வேண்டும் என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது. பார் கவுன்சில் பட்டியலிலிருந்து பெயரையே நீக்கும் அளவுக்குத் தண்டனை உண்டு.

நம்பிக்கை: அப்படியானால் வாயே திறக்கக்கூடாது.

உண்மை: 2008-இல் விதி சற்றுத் தளர்ந்தது. சொந்த இணையதளத்தில் பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்த வகை வழக்குகளை நடத்துகிறார் என்பவற்றைப் போடலாம். வாசல் பலகையிலோ "நில வழக்கு நிபுணர்" என்று எழுதக்கூடாது! இந்த முரண் எனக்கு இன்னும் விளங்கவில்லை. சட்டத்தை விளக்கி எழுதுவது வேறு, "நான் ஜெயித்த வழக்கு" என்று படம் போடுவது வேறு. சிக்கல் இரண்டாவதில்.

நம்பிக்கை: மலைச்சனத்துக்கு எழுதிச் சொல்ல என்ன இருக்கிறது?

உண்மை: நிறைய. 2006 வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் பயிர்செய்து அதை நம்பி வாழும் பழங்குடிக் குடும்பம், தன் அனுபவத்தில் உள்ள நிலத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். மனுவை முதலில் பார்க்க வேண்டியது கிராம சபை, ரேஞ்சர் அல்ல. மணமானவர் என்றால் உரிமைப் பத்திரம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் வர வேண்டும். இது தெரியாமல் மனைவி பெயர் விட்டுப்போனால், பிறகு அலைவது அவள்தான். படிக்கத் தெரியாதவர்களுக்கு இதையே பேசிப் பதிந்து அனுப்பலாம். இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, வருமானம் எவ்வளவானாலும் அவர்களுக்கு வக்கீல் இலவசம். காவலில் இருப்பவர்களுக்கும் அப்படியே. அழைக்க வேண்டிய எண் 15100.

நம்பிக்கை: "இலவசம்" என்று எழுதினால் நம் அடுப்பு எரியாது.

உண்மை: சட்ட உதவிப் பட்டியலில் உள்ள வக்கீலுக்கு ஆணைக்குழு கட்டணம் தருகிறது. தொகை சின்னதுதான். அந்தப் பட்டியலில் சேர, பொதுவாக மூன்று ஆண்டு அனுபவம் கேட்பார்கள். நேற்று பலகை மாட்டியவர் அதுவரை போளூருக்கு மலையிறங்கி ஒரு சீனியரிடம் கட்டுத் தூக்க வேண்டியதுதான்.