ஆற்றங்கரை முதலைகள்

கேரளத்து ஆறுகளில் பெரும்பாலானவை மேற்கே ஓடிக் கடலில் சேர்கின்றன. மூன்று ஆறுகள் மட்டும் கிழக்கே ஓடிக் காவிரியோடு கலக்கின்றன. அவற்றுள் ஒன்று பாம்பாறு. இடுக்கி மாவட்ட மலையில் அது பிறக்கிறது. மறையூர் வழியாகச் சின்னாறு காட்டுக்குள் இறங்குகிறது. சின்னாறும் தேனாறும் அதனுடன் சேர்கின்றன. தமிழ்நாட்டு எல்லைக்குள் இந்தத் தண்ணீரைத் தேக்கி வைப்பது அமராவதி அணை. உடுமலை, தாராபுரம் பக்கத்து வயல்கள் இந்த நீரால்தான் விளைகின்றன.

இந்த ஆறுகளிலும் அணையிலும் முதலைகள் இருக்கின்றன. பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளம் அணையிலும் இதே இனம் உண்டு. இதன் பெயர் சதுப்பு முதலை. நன்கு வளர்ந்த ஆண் முதலை பத்து அடிக்கு மேல் நீளம் இருக்கும்.

ஒரு காலத்தில் இவை தோலுக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டன. தோல், பையாகவும் இடைவாராகவும் ஆனது. முட்டைகளையும் மனிதர் எடுத்தனர். முதலைகள் அழியும் நிலைக்கு வந்தன. 1972ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. 1975இல் முதலைகளைக் காக்கும் திட்டம் தொடங்கியது. அக்காலத்தில்தான் அமராவதியில் முதலைப் பண்ணையும் அமைந்தது. கரையில் கிடைத்த முட்டைகளைப் பத்திரமாக எடுத்து வந்து, குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்தார்கள்.

ஆனால் பண்ணையில் வளர்த்தால் மட்டும் போதுமா? திரும்பிப் போய் வாழ ஆறு வேண்டுமே!

முதலைக்கு ஆழமான மடு வேண்டும். கோடையில் ஓடை வற்றினாலும் மடுவில் நீர் நிற்கும். வெயில் காய மேட்டுக் கரை வேண்டும். முதலையின் உடம்பு தானே சூட்டை உண்டாக்கிக் கொள்ளாது. அதனால்தான் அது பாறை மேல் மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கிறது. சோம்பல் என்று நினைக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் விட முக்கியம் மணல் திட்டு. கோடையின் தொடக்கத்தில் தாய் முதலை மணலில் குழி தோண்டும். அதில் இருபத்தைந்து, முப்பது முட்டைகள் இடும். மணலைப் போட்டு மூடும். சுமார் இரண்டு மாதம் வெயிலின் சூடே முட்டையை அடைகாக்கிறது. குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் அந்தச் சூடுதான் முடிவு செய்கிறது. குஞ்சுகள் உள்ளிருந்து சத்தமிடும். தாய் வந்து குழியைத் தோண்டும். குஞ்சுகளை வாயில் கவ்வித் தண்ணீருக்குக் கொண்டு போகும். இதைப் பார்த்தவர்கள், தாயே பிள்ளையைத் தின்கிறது என்று தவறாகச் சொன்னதுண்டு.

மணலை அள்ளிவிட்டால் முட்டையிட இடம் இல்லை. அடைகாக்கும் நாளில் அணை நீர் உயர்ந்தால் முட்டைகள் மூழ்கி அழுகிவிடும். உடும்பும் கீரியும் காட்டுப்பன்றியும் முட்டையைத் தோண்டித் தின்னும். மீன் வலையில் சிக்கிய முதலை மூச்சுவிட மேலே வர முடியாமல் செத்துப்போகும்.

அணையை நம்பி மீனவர்களும் இருக்கிறார்கள். காட்டுக்குள் மலைவாழ் மக்களின் ஊர்கள் இருக்கின்றன. அவர்களுக்கும் ஆறு வேண்டும். முட்டையைக் காக்கும் தாய் முதலை, அருகில் வருபவரைத் துரத்தும். கோடை மாதங்களில் மணல் திட்டுகளுக்குப் போகாமல் இருப்பது நல்லது. இருட்டிய பிறகு மடுவில் இறங்கக் கூடாது. மீன் கழிவைத் துறையில் கொட்டினால், முதலை அந்த வாசனைக்கே துறைக்கு வந்து பழகிவிடும்.