பாகற்காய் வில்லைகளும் கருவின் மூளையும்

பத்தாம் வகுப்பில் மரபியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், எல்லாச் செல்லுலயும் ஒரே டி.என்.ஏ.தான் இருக்குன்னா, கண்ணு மட்டும் எப்படிக் கண்ணா ஆகுது?" என்று கேட்டாள். "எல்லா மரபணுவும் எல்லா இடத்திலும் வேலை செய்யாதும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். விடை சரிதான். ஆனால் எந்த மரபணு எங்கே வேலை செய்கிறது என்பதை எப்படிப் பார்த்தார்கள் என்று அவள் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. அந்த உறுத்தல்தான் இந்தப் பாடத்தைத் தயாரிக்க வைத்தது.

நல்லவேளையாக எடுத்துக்காட்டு சென்னையிலேயே இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவில் வளரும் மனித மூளையின் முப்பரிமாணப் படத்தொகுப்பை 2024 டிசம்பரில் வெளியிட்டது. பெயர் 'தரணி'. 14 முதல் 24 வாரம் வரை வளர்ந்த ஐந்து கருக்களின் மூளைகளை முடியைவிட மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் படமெடுத்து அடுக்கியிருக்கிறார்கள். மொத்தம் 5,132 சீவல்கள். இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். நம் உயர் தொழில்நுட்ப ஆய்வகத் திரையில் ஒரு சீவலைப் பெரிதாக்கிக்கொண்டே போனபோது, ஊதாப் புள்ளிகளாகச் செல்கள் தெரிந்ததும் வகுப்பு அமைதியாகிவிட்டது.

அதற்கு முன் ஒரு செயல்பாடு. குழுவுக்கு ஒரு பாகற்காய் கொடுங்கள். சம தடிமனில் வில்லைகளாக வெட்டி (கத்தியை நாமே வைத்துக்கொள்வது நல்லது), ஒவ்வொன்றின் விளிம்பையும் விதைகளையும் தெளிவான பிளாஸ்டிக் தாளில் வரையச் சொல்லுங்கள். பிறகு தாள்களைக் கலைத்து வேறு குழுவிடம் கொடுத்து, வரிசைப்படி அடுக்கி விதைகளின் இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். என் வகுப்பில் ஒரு குழு ஒரு தாளைத் திருப்பி வைத்துவிட்டது. ஒரு விதை இரண்டாகிவிட்டது! ஆய்வகத்திலும் இதே தொல்லைதான். சீவல் கிழியும், சுருங்கும். அதனால்தான் வெட்டுவதற்கு முன்பே எம்.ஆர்.ஐ. எடுத்துவைத்து, அந்த முழு உருவத்தோடு ஒப்பிட்டுச் சீவல்களைப் பொருத்துகிறார்கள்.

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். தரணியில் பெரும்பாலும் தெரிவது செல்கள் எங்கே இருக்கின்றன என்பது. ஒரு செல்லில் எந்த மரபணு இயங்குகிறது என்று அறிய வேறு உத்தி தேவை. மரபணு இயங்கினால் அதன் தூது ஆர்.என்.ஏ. செல்லில் இருக்கும். அதற்கு இணையான காரவரிசை கொண்ட சிறு இழையைத் தயாரித்து, நிறம் தரும் பொருளை அதில் ஒட்டி, சீவலின் மேல் விடுகிறார்கள். ஏ-வுக்கு யு, ஜி-க்கு சி என்று நாம் கரும்பலகையில் எழுதும் அதே இணைதான் இங்கே தூண்டில் முள். இழை ஒட்டிய செல் மட்டும் நிறம் பெறும். அமெரிக்காவின் ஆலன் நிறுவனம், கருவின் மூளையில் எந்தப் பகுதியில் எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்ற வரைபடத்தை 2014இல் வெளியிட்டது.

பாக்ஸ்-6 என்ற மரபணுவைச் சொன்னால் மாணவர்களுக்கு எளிதில் பிடிபடும். கரு வளரும்போது கண்ணில் இது இயங்குகிறது. மூளையில், உள்ளறைகளை ஒட்டிப் பிரிந்துகொண்டிருக்கும் மூலச்செல்களிலும் இயங்குகிறது. அங்கே பிறக்கும் நரம்புச் செல்கள் வெளிப்புறம் நோக்கி நகர்ந்து புறணியாகின்றன. பிந்திப் பிறந்தவை முந்தியவற்றைத் தாண்டி மேலே போய் அமர்கின்றன. கல்லீரல் செல்லிலும் பாக்ஸ்-6 உண்டு, ஆனால் அங்கே அது உறங்குகிறது. இதன் இரு பிரதிகளில் ஒன்று பழுதானாலே குழந்தை ஐரிஸ் இல்லாமல் பிறக்கக்கூடும்.

படங்களைத் திரையில் போடுமுன் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: இவை உயிரோடு பிறக்காத குழந்தைகளின் மூளைகள். நான் சொல்ல மறந்தேன். இடைவேளையில் ஒரு பெண் தனியாக வந்து, "எங்கம்மாவுக்கும் அஞ்சு மாசத்துல ஒண்ணு போயிருச்சு டீச்சர்" என்றாள். மறுநாள் அடுத்த பிரிவில், முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் கணினியைத் திறந்தேன்.