பின்னால் உட்காருகிறவர் என்ன செய்ய வேண்டும்?

சனவரி மாதம் வந்துவிட்டால் பள்ளிகளில் சாலைப் பாதுகாப்பு நிகழ்ச்சிகள் தொடங்கிவிடும். உறுதிமொழி எடுப்போம், பேரணி போவோம், ஓவியப் போட்டி வைப்போம். எங்கள் பள்ளியின் சாலைப் பாதுகாப்பு மன்றப் பொறுப்பாசிரியர் என்ற முறையில் இவை எல்லாவற்றையும் நானும் செய்து வருகிறேன். சென்ற ஆண்டு கூடுதலாக ஒன்று செய்யலாம் என நினைத்து, உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு குறும்படம் திரையிட்டேன். மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டுவதால் வரும் கேட்டைப் பற்றிய ஒரு நிமிடப் படம் அது.

படம் முடிந்ததும், "இப்படம் உணர்த்தும் கருத்து என்ன?" என்று பலகையில் எழுதினேன். முப்பத்து நான்கு குறிப்பேடுகள் வந்தன. முப்பத்து மூன்றில் ஒரே விடை: "குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது." ஒரு மாணவி மட்டும் ஒன்றும் எழுதவில்லை. கவனிக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை வணக்கக் கூட்டம் முடிந்ததும் அவளே தேடி வந்தாள். "ஓட்டக் கூடாதுன்னு எனக்குத் தெரியும் டீச்சர். ஓட்டுறது நான் இல்லையே. அப்பா வண்டியை எடுத்துட்டு வந்து ஏறுன்னு சொன்னா நான் என்ன பண்றது?"

என்னிடம் விடை இல்லை. நான் வகுப்பில் கேட்ட கேள்வி வாகனம் ஓட்டுகிறவர்களுக்கானது. என் வகுப்பில் இருந்தவர்களோ பெரும்பாலும் பின்னால் உட்கார்ந்து போகிறவர்கள். இது உறைத்த பிறகு, அதே படத்தை மூன்று பாடவேளைகளில் மறுபடியும் நடத்தினேன். அந்த அனுபவத்தை ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. மாணவியின் ஒப்புதலுடன், அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

படத்தைப் பற்றி

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் போக்குவரத்து விபத்து ஆணையம் என்ற அரசு அமைப்பு உள்ளது. சுருக்கமாக டி.ஏ.சி. என்பார்கள். அது 1989 டிசம்பரில் தொலைக்காட்சிக்காக வெளியிட்ட முதல் விழிப்புணர்வுப் படத்தின் பெயர் 'கேர்ள்ஃப்ரெண்ட்'. பெயரைக் கேட்டதும் வகுப்பில் சிரிப்பு எழும். பத்து நொடிகள் காத்திருந்தால் போதும், படம் அதை அடக்கிவிடும்.

கதை முழுவதும் மெல்போர்ன் நகரில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் நடக்கிறது. குடித்துவிட்டுக் கார் ஓட்டிய இளைஞன் நடமாடும் நிலையில் இருக்கிறான். அவனுடன் வந்த பெண் பலத்த காயத்துடன் கிடக்கிறாள். அவளுடைய பெற்றோர் வருகிறார்கள். தாயின் துயரமும் கோபமும் அந்த இளைஞன் மீது திரும்புகின்றன. பின்னணி இசை போட்டு அழவைக்கும் முயற்சி இல்லை. செய்திப் படம் போல, உண்மையிலேயே அங்கு நடப்பதை யாரோ எடுத்தது போல இருக்கும். இறுதியில், குடித்துவிட்டு ஓட்டுகிறவனைச் சற்றுக் கடுமையான சொல்லால் முட்டாள் என்று சாடும் வாசகம் வரும். அந்த வாசகம் பல ஆண்டுகள் அங்கு எல்லோர் வாயிலும் புழங்கியது.

முதல் பாடவேளை: ஒலி இல்லாமல் பார்த்தல்

ஆஸ்திரேலிய ஆங்கில உச்சரிப்பு நம் மாணவர்களுக்குப் புரிவது கடினம். அதையே வாய்ப்பாக்கிக்கொண்டு, முதலில் ஒலியை நிறுத்திவிட்டுத் திரையிட்டேன். பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் 'கண்டது', வலப்பக்கம் 'ஊகித்தது' என எழுதச் சொன்னேன்.

"ஒரு அண்ணன் அழறாரு" என்பது கண்டது. "அவர்தான் கார் ஓட்டினாரு" என்பது ஊகித்தது. அப்படி ஊகித்தது எதனால் என்று கேட்டதும், தாயின் முகத்தையும் அவர் யாரை நோக்கிக் கத்துகிறார் என்பதையும் மாணவர்கள் சான்றாகக் காட்டினார்கள். அறிவியல் வகுப்பில் உற்றுநோக்கலையும் முடிவு கூறலையும் பிரித்துச் சொல்லிக் கொடுக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு நிமிடப் படம் அதை எளிதாக்கியது.

பிறகு ஒலியுடன் ஒரு முறை பார்த்தோம். உரையாடலின் பொருளைத் தமிழில் சொன்னேன். அடுத்து ஒரே ஒரு கேள்வி: "விபத்து எங்கே?"

வகுப்பு திகைத்தது. விபத்தைப் பற்றிய படத்தில் விபத்து இல்லை. கார் மோதுவதைக் காட்டாமல் ஏன் விட்டார்கள் என்று கேட்டேன். வழக்கமாகக் கடைசி இருக்கையில் தூங்கி வழியும் மாணவன் சொன்னான்: "கார் பறக்கறதைக் காட்டினா சண்டைப் படம் மாதிரி விசிலடிச்சிருப்போம் டீச்சர். இங்க விசிலடிக்க எதுவும் இல்ல." திரைப்படத் திறனாய்வில் இதைவிடத் தெளிவான விடையை நான் எதிர்பார்த்திருக்க முடியாது.

இரண்டாம் பாடவேளை: பின்னோக்கிய காலக்கோடு

படத்தில் காட்டப்படாத பகுதியை மாணவர்களே கட்டமைப்பது இந்தப் பாடவேளையின் வேலை. பலகையின் வலது ஓரத்தில் 'மருத்துவமனை' என எழுதி, அங்கிருந்து இடப்பக்கமாகப் பின்னோக்கிப் போனோம். மோதல், அதற்கு முன் சாலை, அதற்கு முன் காரில் ஏறிய நேரம், அதற்கு முன் குடித்த இடம், அதற்கும் முன் அன்று காலை. ஒவ்வொன்றின் கீழும் இரண்டு கேள்விகள்: அங்கு யார் யார் இருந்தார்கள்? அவர்களால் என்ன செய்திருக்க முடியும்?

குழுக்கள் விடைகளை எழுதி முடித்தபோது பலகையில் ஒரு வடிவம் தெரிந்தது. மோதலின் கீழ் ஒன்றுமே இல்லை. சாலையின் கீழ் "மெதுவாப் போங்கன்னு சொல்லலாம்" என்ற ஒரு வரி. காரில் ஏறிய நேரத்தின் கீழ் நான்கு வரிகள்: ஏற மறுக்கலாம், வேறு ஒருவரை ஓட்டச் சொல்லலாம், வாடகைக் கார் பிடிக்கலாம், வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லலாம். குடித்த இடத்தின் கீழ் நண்பர்களும் கடைக்காரரும் வந்துவிட்டார்கள். காலையின் கீழ் இடம் போதாமல் அடுத்த பலகைக்குப் போனார்கள்.

பின்னோக்கிப் போகப் போகச் செய்யக்கூடியவை கூடுகின்றன, மோதலை நெருங்க நெருங்கக் குறைகின்றன. நான் சொல்லாமலே மாணவர்கள் இதைப் பலகையில் படித்துவிட்டார்கள். 'கருத்து என்ன' என்ற கேள்விக்குப் பதிலாக 'யாரால், எப்போது தடுத்திருக்க முடியும்' என்ற கேள்வியை வைத்தால் போதும், குறும்படப் பகுப்பாய்வு தானாக நடக்கிறது.

இதனுடன் ஒப்பிட, பிரிட்டன் அரசின் 'திங்க்' சாலைப் பாதுகாப்புப் பரப்புரையில் 2007ஆம் ஆண்டு வந்த 'மொமென்ட் ஆஃப் டவுட்' என்ற படத்தைக் காட்டினேன். மதுக்கூடத்தில் ஒருவர் இன்னொரு கோப்பை வாங்கலாமா என்று தயங்குகிறார். எதிரே நிற்கும் பணியாளர் திடீரெனக் காவலராக, முதலாளியாக, மனைவியாக மாறி மாறிப் பேசுகிறார். இதில் காயமும் இல்லை, மருத்துவமனையும் இல்லை. முதல் படம் நடந்து முடிந்ததைக் காட்டுகிறது, இரண்டாவது படம் இனி நடக்கக்கூடியதைக் காட்டுகிறது என்று ஒரு குழு எழுதியது. இன்னொரு குழுவில் ஒரு மாணவி, "இதுவும் லேட்டுதான் டீச்சர். முதல் கிளாஸ் உள்ள போன பிறகு யோசிக்கிறாரு. யோசிக்கிற மூளையே அப்ப சரியா இருக்காதே" என்றாள். மது முதலில் தொடுவது சரியாக முடிவெடுக்கும் திறனைத்தான். அறிவியல் ஆசிரியரான நான் சொல்ல வேண்டியதை அவள் சொல்லிவிட்டாள்.

மூன்றாம் பாடவேளை: அளந்து பார்த்தல்

அடுத்த வகுப்பை மைதானத்தில் வைத்தேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் எவ்வளவு தூரம் போகும்? ஒன்பதாம் வகுப்பு இயக்கம் பாடத்தில் படித்த கணக்குதான்: ஏறத்தாழ 16.7 மீட்டர். ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்த, குடித்தவர் அரை நொடி கூடுதலாக எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் வண்டி 8 மீட்டருக்கும் மேல் போய்விடும். அளவு நாடாவால் அளந்து இரு முனையிலும் கல் வைத்தோம். அது எங்கள் வகுப்பறையின் நீளத்தைவிட அதிகம். இடையில் ஒரு மாணவனை நிற்கவைத்ததும் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

மோர் குடித்தால், எலுமிச்சைச் சாறு குடித்தால், தலையில் தண்ணீர் ஊற்றினால் போதை இறங்கிவிடும் என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். இரத்தத்தில் கலந்த ஆல்கஹாலைக் கல்லீரல் தன் வேகத்தில்தான் சிதைக்கும். காபி விழிப்பைத் தரலாம், இரத்தத்தில் இருப்பதைக் குறைக்காது. நேரம் ஒன்றே மருந்து.

சட்டத்தையும் சொன்னேன். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவுப்படி 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மாணவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவதையும் விட்டுவிட வேண்டாம். 18 வயது நிறையாதவர் ஓட்டி மாட்டிக்கொண்டால் பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளர் 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் அடைய நேரிடும் என்கிறது 199ஏ பிரிவு.

கடைசியாக ஒரு தரவு. விக்டோரியாவில் 1989இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 776 பேர், 1992இல் 396 பேர். "அந்தப் படத்தால்தான் குறைந்ததா?" என்று கேட்டேன். பலர் ஆம் என்றார்கள். அதே காலத்தில்தான் அங்கு காவல்துறை பெரிய பேருந்துகளை நிறுத்தி, சாலையில் வருவோரை மறித்து மூச்சுப் பரிசோதனை செய்வதைத் தீவிரப்படுத்தியது, வேகத்தைப் பதியும் கேமராக்களும் வந்தன என்று சொன்னதும் விடை மாறியது. படம் மனத்தைத் தயார் செய்கிறது, சாலையில் நிற்கும் பரிசோதனை கையைத் தடுக்கிறது. இரண்டும் வேண்டும். விழிப்புணர்வுப் படம் போட்டதோடு நம் கடமை முடிந்துவிட்டது என்று நினைக்காமல் இருக்க இந்தத் தரவு ஆசிரியர்களுக்கும் உதவும்.

அந்தக் கேள்விக்கு விடை

பின்னால் உட்காருகிறவர் என்ன செய்யலாம் என்று யார் பெயரையும் சொல்லாமல் வகுப்பிலேயே கேட்டேன். கேள்வி ஒருத்தியுடையது மட்டுமல்ல என்பது அப்போதுதான் தெரிந்தது. சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள், சிலர் மளமளவென்று எழுதினார்கள். எல்லோரும் சேர்ந்து எழுதிய பட்டியல் இது:

ஒன்று, பேச வேண்டிய நேரம் காலை. குடித்திருக்கும்போது வாதாட வேண்டாம். திருமணம், திருவிழா என்று கிளம்பும் முன்பே, திரும்பி வருவது எப்படி என்று அம்மாவுடன் சேர்ந்து முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இரண்டு, ஏறாமல் இருக்கக் காரணம் சொல்லலாம். "வயிறு வலிக்குது, நான் பாட்டி வீட்டுலயே இருந்துட்டு காலைல வர்றேன்" என்பது பயந்தவரின் பொய் அன்று, தன்னைக் காத்துக்கொள்ளும் வழி.

மூன்று, சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டு அக்கா என அழைத்தால் வரக்கூடிய இருவரின் தொலைபேசி எண் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

நான்கு, சாவியைப் பிடுங்க வேண்டாம், வண்டியை மறிக்க வேண்டாம். அது பெரியவர்களின் வேலை. அடி விழும் என்ற அச்சம் இருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம், ஆசிரியரிடமும் சொல்லலாம்.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியவை

இத்தகைய படத்தை முதலில் நாம் தனியாக முழுமையாகப் பார்த்துவிட வேண்டும். வகுப்பில் யாராவது விபத்தில் உறவினரை இழந்திருந்தால் முன்பே தனியே பேசி, விருப்பமில்லை என்றால் நூலகத்துக்கு அனுப்பிவிடலாம். "யார் வீட்டில் குடிப்பார்கள், கை தூக்குங்கள்" என்று ஒருபோதும் கேட்கக் கூடாது. குடிக்கும் தந்தையை வகுப்பில் இழிவாகப் பேசினால் தலைகுனிவது அவர் பிள்ளைதான். பிள்ளைகள் அப்பாவை வெறுக்க நாம் பாடம் நடத்தவில்லை. அப்பாவும் பிள்ளையும் வீடு வந்து சேரத்தான் நடத்துகிறோம்.

சில வாரங்கள் கழித்து அந்த மாணவி மீண்டும் வந்தாள். "ஊர்த் திருவிழாவுக்குப் போனப்ப அம்மாகிட்ட முன்னாடியே சொல்லி பாட்டி வீட்டுலயே தங்கிட்டோம் டீச்சர்" என்றாள். சற்று நின்று, "ஆனா போன வாரம் ஒரு நாள் ஏறிட்டேன். வேற வழி தெரியல" என்றாள்.

ஏறியது உன் தவறு இல்லை என்று மட்டும் சொன்னேன். பிறகு அவள் குறிப்பேட்டில் மூன்றாவதாக ஒரு தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தேன். அது என்னுடையது.