கால்வாயில் எறிந்தது எங்கே போகிறது?

கடையில் மிட்டாய் வாங்கிய சிறுவன் அதன் உறையைக் கால்வாயில் எறிகிறான். மழை பெய்கிறது, உறை கண்ணுக்கு மறைகிறது. அது தொலைந்துவிட்டதென்று அவன் எண்ணுகிறான். பெரியவர்களாகிய நாமும் பல வேளைகளில் அவ்வாறே எண்ணிவிடுகிறோம். அது உண்மையில் எங்கே போகிறது என்பதை இம்மாதம் நம் பிள்ளைகளோடு சேர்ந்து அறிந்துகொள்வோம்.

கிள்ளான் ஆறு கோலாலம்பூருக்கு வடகிழக்கே உள்ள மலைக்காடுகளில் பிறக்கிறது. தலைநகரில், மஸ்ஜித் ஜாமெக் பள்ளிவாசல் அருகே கோம்பாக் ஆறு அதனுடன் கலக்கிறது. பின்னர் பிரிக்பீல்ட்ஸ் ஓரமாகச் சென்று, ஷா ஆலம், கிள்ளான் நகரங்களைக் கடந்து மலாக்கா நீரிணையில் சேருகிறது. இதன் நீளம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். இவ்வழியிலுள்ள சிறிய கால்வாய்கள் பெரிய கால்வாய்களிலும், அவை ஆற்றிலும் விழுகின்றன. ஆகவே சிறுவன் எறிந்த உறை கடல்வரை போகக்கூடும். அல்லது வழியிலேயே சிக்கிக் கால்வாயை அடைக்கும்.

1971 ஜனவரியில் கோலாலம்பூரைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. 2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் மூழ்கின, உயிர்களும் பறிபோயின. இவ்வெள்ளங்களுக்கு முதற்காரணம் பெருமழையே. எனினும், அடைபட்ட கால்வாயில் மழைநீர் வடிய இடமின்றி வாசலுக்கு ஏறுகிறது என்பதை நாம் மறுக்க முடியாது. மிதக்கும் குப்பையை அள்ளுவதற்கென்று 2019-இல் கிள்ளான் ஆற்றில் ஓர் இயந்திரக் கலம் நிறுத்தப்பட்டது. ஆற்றில் சேர்ந்த குப்பையை அள்ளப் பெரும் பொருள் வேண்டும். அதைக் கால்வாயில் போடாதிருக்க ஒரு காசும் வேண்டியதில்லை.

நம் பிள்ளைகள் செய்யத்தக்க மூன்று பணிகளை இங்குக் கூறுகிறோம்.

முதலாவது, கடைக்குச் செல்லும்போது துணிப்பையைக் கொண்டுசெல்வது. சிலாங்கூரில் 2017 முதல் ஞெகிழிப் பைக்கு 20 சென் கட்டணம் விதிக்கப்பட்டது. பையை நினைவூட்டும் பொறுப்பைப் பிள்ளையிடமே ஒப்படையுங்கள்.

இரண்டாவது, குப்பையைத் தரம் பிரிப்பது. பால்மரம் சீவுவோர் மங்கில் உறைந்த கட்டிப்பாலையோ பட்டையில் காய்ந்த ஒட்டுப்பாலையோ வீசிவிடுவதில்லை. அதற்கும் விலையுண்டு என்பதை அறிவார்கள். பழைய தாளும் தகரமும் புட்டியும் அத்தகையவையே. மறுசுழற்சித் தொட்டிகளில் நீலம் தாளுக்கும், பழுப்பு கண்ணாடிக்கும், செம்மஞ்சள் ஞெகிழி, உலோகப் பொருள்களுக்கும் உரியவை. இந்நிறங்களைச் சிறுபிள்ளையும் எளிதில் கற்கும். காய்கறித் தோலை வாழையடியில் புதைத்தால் உரமாகும்.

மூன்றாவது, வாரம் ஒருமுறை வீட்டைச் சுற்றிப் பார்ப்பது. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய நீரில் பெருகும். முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாள்கள் ஆகும். ஆதலால் பூச்சட்டித் தட்டு, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை முதலியவற்றிலுள்ள நீரை வாரந்தோறும் கொட்டிவிட்டால் அது கொசுவாவதற்குள் அழிந்துவிடும். சீவாத மரங்களின் மங்குகளைக் கவிழ்த்துவைப்பது பெரியவர்களின் கடமை. மழைக்காலத்தில் பிள்ளைகளைக் கால்வாய்க்கு அருகே விடாதீர்கள். அடைப்பைக் கண்டால் பெரியவர்களிடம் சொல்வதே அவர்கள் வேலை.

பெற்றோர்களே! சமைத்து மிஞ்சிய எண்ணெயை நாம் கால்வாயில் ஊற்றிவிட்டு, மிட்டாய் உறைக்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்வது முறையாகாது. பிள்ளைகள் நம் சொல்லைவிட நம் செயலையே கற்கிறார்கள். அடுத்த மழையின்போது வாசலில் நின்று, “இந்த நீர் எங்கே போகிறது?” என்று உங்கள் பிள்ளையைக் கேளுங்கள். கடல்வரை அவன் வழி சொன்னால், இப்பாடம் பயன் தந்ததென்று நாம் மகிழலாம்.