பெயிண்ட் கடைசியில்

அமெரிக்கக் கிராமங்களில் ஃபோர்-எச் என்ற இளைஞர் மன்றம் உண்டு. அதன் பிள்ளைகள் எடுத்துச் செய்யும் வேலைகளில் ஒன்று, பழைய பண்ணை இயந்திரத்தைச் சீர்செய்து ஓட வைப்பது. டிராக்டர்தான் பலருக்கும் பிடிக்கும். ஆனால் கற்றுக்கொள்ள அதிகம் இருப்பது, என்னைக் கேட்டால், பேலரில்தான்.

மாட்டுத் தீவனத்துக்காகக் காயவைத்த புல்லை வாரி, அழுத்தி, கட்டாகக் கட்டித் தள்ளுவது பேலர். முன்பெல்லாம் கம்பியைக் கையால் கட்ட ஆட்கள் அதிலேயே உட்கார்ந்து போவார்கள். 1940-இல் நியூ ஹாலந்து நிறுவனம் கொண்டுவந்த பேலர் தானே முடிச்சுப் போட்டது.

துரு ஏறிய பேலர் கிடைத்ததும் பெயிண்ட் அடிக்கத்தான் கை துடிக்கும். அது கடைசி வேலை. முதலில் மட்கிய புல், இறுகிப்போன கிரீஸ் எல்லாம் சுரண்டி எடுக்கணும். பிறகு டிராக்டரைக் கழற்றிவிட்டு, பெரிய சக்கரத்தைக் கையாலேயே மெதுவாகச் சுற்றிப் பார்க்கணும். புல்லை அழுத்தும் பிளஞ்சரும் கயிற்றைக் கொண்டுவரும் ஊசியும் ஒரே அறைக்குள் வந்துபோகின்றன; நேரம் தவறினால் ஊசி உடையும்.

சக்கரத்தில் ஒரு சின்ன போல்ட் இருக்கும். உள்ளே ஏதாவது சிக்கினால் அது உடைந்து மற்ற பாகங்களைக் காப்பாற்றும். “சும்மா சும்மா உடையுதே” என்று கெட்டியான போல்ட் போட்டால், அடுத்து உடைவது கியராக இருக்கும்.

நாமும் ஆயுத பூஜைக்குக் கருவிகளைத் துடைத்துப் பொட்டு வைக்கிறோம். உள்ளே திறந்து பார்த்திருக்கிறோமா? கோயில் ஸ்டோரில் ஓடாமல் கிடக்கும் புல்வெட்டும் மெஷினை இந்த முறை எடுங்கள். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதலில் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுங்கள்.